தலைமாட்டில் வைத்த கத்தி

பிரசவமாகி வாடிப்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தபோது அது தொடங்கியது. காத்து கருப்பு அண்டக் கூடாதென்று, பிறந்த என் மகளின் தலைமாட்டில் அம்மா காய் நறுக்கும் கத்தியை வைத்தாள். எங்கள் வீட்டு வழக்கம். பார்த்த மாத்திரத்தில், 'இதை எடுத்துப் பிள்ளையைக் குத்திவிட்டால்?' என்று ஓர் எண்ணம்.

கத்தியை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தேன். அம்மா திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். படித்த திமிர் என்று திட்டினாள். காரணத்தை எப்படிச் சொல்வது? சொன்னால் பிள்ளையை என்னிடம் யார் விடுவார்கள்?

பிறகு கத்தி இல்லாமலும் வந்தது. குளிப்பாட்டும் தண்ணீரைக் கண்டால், மொட்டைமாடிச் சுவரைக் கண்டால். மகளைத் தூக்குவதையே விட்டேன். எனக்குப் பிள்ளை மேல் பாசமில்லை என்று அம்மா பக்கத்து வீட்டில் குறைப்பட்டுக்கொண்டது காதில் விழுந்தது. அன்று எண்ணங்கள் இன்னும் மோசமாயின.

ஞாயிறன்று மதுரையிலிருந்து கணவர் வந்தார். "என் கையக் கட்டிப் போட்டுருங்க. பிள்ளைய எதாச்சும் பண்ணிருவேனோன்னு பயமா இருக்கு" என்றேன். அவர் முகம் வெளுத்தது. ஆனால் திட்டவில்லை. மறுநாளே என்னோடு அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து மதுரை ஆரப்பாளையம் பஸ்ஸில் ஏற்றினார்.

மதுரையில் மனநல மருத்துவர் நிறையக் கேட்டார். குரல் ஏதும் கேட்கிறதா, செய்ய வேண்டும்போல் இருக்கிறதா என்றெல்லாம். இரண்டுக்கும் இல்லை என்றேன். கடைசியில், எண்ணச் சுழற்சி நோய் (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து மிரட்டுவது) என்றார். பிள்ளையைக் காவல் காக்கும் மூளை, பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு அளவுக்கு மீறிக் காவல் காக்கிறதாம்.

"இது உங்க ஆசை இல்லம்மா. உங்க பயம்."

மாத்திரை எழுதினார். அதைவிடக் கஷ்டமான ஒன்றும் சொன்னார்: பயந்தாலும் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

கூடவே இருந்து எல்லாம் கேட்ட அம்மா, வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீ கைப்பிள்ளையா இருக்கயில எனக்கும் இப்படித்தான். உன்னத் தூக்கிட்டுக் கிணத்துப் பக்கமே போக மாட்டேன். பேய் புடிச்சிருச்சுன்னு நெனச்சுத்தான் உன் தலைமாட்டுல இரும்ப வச்சேன். யார்ட்டயும் சொன்னதில்ல."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

இப்படி எண்ணம் வருகிற தாய் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மூடி வைத்தால் அது வளர்கிறது.

சில வாரம் கழித்து ஒரு காலையில், "கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று அம்மா மகளை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். வேண்டுமென்றேதான். கதவு சாத்திய சத்தம் கேட்டது. எண்ணம் வந்தது. நான் பிள்ளையைக் கீழே வைக்கவில்லை.

இப்போது அவள் தவழ்கிறாள். என் கைகளை முன்போல் யோசிக்காமல் நம்ப முடிவதில்லை. அவள் தூக்கச் சொல்லி நிமிரும்போது ஒரு நொடி நிற்கிறேன். அந்த நொடி அவளுக்குத் தெரியாது. தூக்கிக்கொள்கிறேன்.