கையெழுத்துக்குக் காத்திருந்த கால்

கோவில்பதாகை கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாக ஒரு பெண் இருக்கிறார். அதற்கென்றே படித்தவர். சர்க்கரை நோய்க்காரனான என் கால் புண்ணை அவர்தான் கழுவிக் கட்டினார்.

"அப்டியே மாத்திரையும் எழுதிக் குட்த்துடும்மா, ஆட்டோ நிக்குது," என்றேன்.

"டாக்டர் பாத்து கையெழுத்து போடாம நான் குடுக்கக் கூடாதுண்ணா. அதான் ரூல்."

"ஒரு கையெழுத்துக்கு இன்னாம்மா இவ்ளோ பில்டப்பு? மூணாங்கிளாஸ் தாண்டாத நானே போட்றேன், குடு!"

"நீங்க போட்டா காலு போய்டும்ணா. உக்காருங்க."

சிரித்தார், ஆனால் அசையவில்லை. முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டாக்டர் வந்து புண்ணை அழுத்தினார். வலிக்கவே இல்லை என்று பெருமையடித்தேன். டாக்டர் முகம் மாறியது. சர்க்கரைக் காலில் வலி தெரியாவிட்டால்தான் ஆபத்தாம்; உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒரு விரலை எடுத்ததோடு போயிற்று, கால் தப்பியது.

இப்போது நான் கிளினிக் போகும்போது அந்தப் பெண்ணிடம் யாராவது அவசரப்பட்டால், செருப்பைக் கழற்றி மிச்ச விரல்களைக் காட்டுகிறேன். உடனே உட்கார்ந்துவிடுகிறார்கள்.