அமாவாசை முறை

கருவடிக்குப்பத்தில் சுலோசனாவின் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் பல்கலைக்கழகத்தின் புதுக் கிளை வளாகம் தெரியும். முன்பு அது பூட்டிக் கிடந்த கிடங்கு. இப்போது மாலையில் விளக்கெரிகிறது. வேலைக்குப் போகிறவர்களும் குடும்பப் பெண்களும் பட்டப்படிப்புக்கு வருகிறார்கள். கணவனுடைய தம்பியின் மனைவி செந்தமிழ்ச்செல்வியும் அவர்களில் ஒருத்தி.

பன்னிரண்டாவது முடித்தபோது சுலோசனாவுக்கும் கல்லூரியில் இடம் கிடைத்தது. இரண்டு பஸ் மாற வேண்டும் என்று அப்பா தடுத்துவிட்டார். செல்வி அவளைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கியவள். பெண் பார்க்கப் போன அன்றே சுலோசனா அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். அப்படிப்பட்டவளுக்குப் படிப்பு தெருமுனைக்கே வந்திருக்கிறது.

செல்வி வகுப்புக்குப் புறப்படும் நேரத்தில் சுலோசனா விற்பனைக்கு இட்லி மாவு அரைத்துக்கொண்டிருப்பாள். மாவு வாங்க வருகிறவர்கள் செல்வியின் படிப்பை விசாரிப்பார்கள். வீட்டில் வேலையில்லாதவள் படிக்கிறாள் என்று சுலோசனா பாத்திரத்தைப் பார்த்தே பதில் சொல்வாள்.

அந்த வீட்டில் சமையல் ஆளுக்கொரு வாரம். அமாவாசை யாருடைய வாரத்தில் வருகிறதோ அவள்தான் இறந்துபோன மாமியாருக்குப் படைத்து, காக்கைக்குச் சோறு வைக்க வேண்டும். காக்கை எடுக்கும்வரை அவள் வாயில் தண்ணீர்கூடப் படக்கூடாது. வீட்டைவிட்டு இறங்கவும் கூடாது.

செல்வியின் முதல் தேர்வு அமாவாசைக் காலையில் வந்தது. அவளுடைய வாரம். முறையை மாற்றிக்கொள்ளக் கேட்பாள் என்று சுலோசனா காத்திருந்தாள். மறுப்பதற்கு வார்த்தைகூடத் தயாராக இருந்தது. செல்வி கேட்கவில்லை. விடியுமுன் எழுந்து எல்லாம் சமைத்துவிட்டாள். சுலோசனாவுக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இலையோடு மாடிக்குப் போனவள் வெகுநேரம் இறங்கவில்லை. சுலோசனா ஏறிப் பார்த்தாள். கைப்பிடிச் சுவரில் சோறு அப்படியே இருந்தது. காக்கைகள் வளாகத்து வாசலில், மாணவர்களை நம்பி வந்த டிபன் வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தன.

“அத்தைக்கு என் சாம்பார் புடிக்கல போலருக்குக்கா,” என்றாள் செல்வி. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மியிருந்தது.

வாசலில் பெண்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இவள் போகாவிட்டால் படிப்பு இதோடு நின்றுவிடும். மாலையில் இருவருமே வீட்டில் இருப்பார்கள். அந்த நினைப்பு சுலோசனாவுக்குக் கொஞ்சம் இனித்தது. கூடவே, அன்று வாசலை மறித்து நின்ற அப்பாவும் நினைவுக்கு வந்தார். அவர் மேலிருந்த கோபம் இன்னும் தீர்ந்திருக்கவில்லை.

“எறங்கு. நான் நிக்கிறேன்.”

“மொறை என்னுதுக்கா.”

“தெரியும். தண்ணி குடிச்சிட்டுப் போ. நீ அங்க மயங்கி உழுந்தா அதுக்கும் என்னத்தான் சொல்லுவாங்க.”

வளாகத்தின் கதவு மூடிய பிறகுதான் ஒரு காக்கை வந்தது.

சாயங்காலம் செல்வி நன்றாக எழுதியதாகச் சொன்னாள். ஜன்னலோர இடமாம். அக்கா கையை ஆட்டிக் காக்கையைக் கூப்பிட்டது அங்கிருந்தே தெரிந்ததாம். சுலோசனா கேள்வித்தாளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அடுத்தது என்னிக்கு? முன்னாடியே சொல்லு, மொறைய மாத்திக்கலாம்,” என்றாள்.

மறுநாள் மாடிக்குத் துணி உலர்த்தப் போன சுலோசனா, கொடியை அவிழ்த்து, வளாகத்து ஜன்னலுக்குத் தெரியாத பக்கமாகக் கட்டினாள்.