கேரண்டிக்காரரின் குடைமரங்கள்

என் அக்கா கணவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'கேரண்டி' என்றால்தான் தெரியும். மற்ற நர்சரிக்காரர்கள் செடியை விற்றதோடு மறந்துவிடுவார்கள். இவர் மட்டும், செத்தால் கொண்டு வாருங்கள், வேறு தருகிறேன் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி விற்றார். சொன்னால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? தண்ணீரையே கண்ணில் காட்டாமல் கொன்றவர்கள், ஆட்டுக்குத் தின்னக் கொடுத்தவர்கள், எங்கேயோ கிடந்த குச்சியைப் பொறுக்கிக்கொண்டு வந்து உங்களிடம் வாங்கியதுதான் என்று சாதித்தவர்கள், எல்லாருக்கும் வேறு செடி கொடுத்தார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதனுக்கு வாழ்க்கைப்பட்டேனே என்பாள். அந்த வாயால்தான் அவள் வீட்டு அடுப்பும் எரிந்தது.

நான் இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். மத்தியானச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். வீட்டுக்குப் பின்னால் பச்சை வலை கட்டிய கொட்டகை, எரு மூட்டைகள், எந்நேரமும் ஒழுகும் ஒரு ரப்பர் குழாய். அத்தான் நகக்கண்ணில் மண்ணோடுதான் சாப்பிட உட்காருவார். செடிகளை 'வாங்க, போங்க' என்பார். என்னைத்தான் 'ஏ கழுதை' என்பார்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். பாப்பா என்றே கூப்பிட்டோம், பள்ளிக்கூடம் போன பிறகும் அவள் பாப்பாவாகவே இருந்தாள்.

அவள் பிறந்ததை ஒட்டிய வருடங்களில்தான் கோடை கெட்டது. முன்பெல்லாம் வெயில் அடிக்கும், மழை வரும், போகும். இப்போது வெயில் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமில்லாத விருந்தாளியாகிவிட்டது. தெருவில் எங்கள் தாத்தா காலத்து மரங்கள் நின்றபடியே காய்ந்தன. அத்தான் விற்ற கன்றுகள் தள்ளுவண்டியில் பிணமாகத் திரும்பி வந்தன. கேரண்டி கொடுத்தவர் தூங்க முடியுமா? பஸ் ஏறிப் போனார். எங்களூரை விடப் பல மடங்கு சூடான கீழ்ப்பக்கத்து ஊர்களில் அலைந்து, கல்லும் வெடிக்கிற வெயிலில் பச்சையாக நின்ற ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வாயில் நுழையாத பெயர் அதற்கு. எங்களூரில் குடைமரம் என்றார்கள்.

உங்கள் ஊர்க் குளிருக்கு அது தாங்காது என்று அங்கே சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அந்த வருடம் குளிர் பெயருக்கு வந்தது, போர்வைக்கு வேலை வைக்காமல் போனது. அத்தான் வாசலில் நட்ட குடைமரம் ஓர் இலை கருகாமல் நின்றது. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பாப்பா பிறந்த அன்றுகூட அவ்வளவு சிரிக்கவில்லை.

அந்த மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் மரம் பிசுபிசுவென்று பழம் உதிர்க்கும். கார் மேலெல்லாம் கறை, வாசலெல்லாம் ஈ. வாங்குகிறவர்களுக்குப் பிடிக்காதே! அதனால் அத்தான் ஆண் மரத்திலிருந்து மட்டும் கிளை ஒடித்து, மண்ணில் ஊன்றிக் கன்று எடுத்தார். நிழல் உண்டு, குப்பை இல்லை. ஆண் பூவில் தூள் கொட்டுமே என்று கூட வேலை செய்தவர் கேட்டதற்கு, தூசிதானே, காற்று கொண்டுபோய்விடும் என்றாராம். காற்று எங்கே கொண்டுபோகும் என்று யாரும் கேட்கவில்லை. ஐந்தாறு வருடத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்கள் முழுவதும் குடைமரம். எல்லாமே ஆண், எல்லாமே அவர் கைபட்டது.

மரங்கள் வயதுக்கு வந்து பூத்தன. அதைப் பூ என்று சொல்ல மனசு வராது. புழுவைப் போல ஒன்று தொங்கும், தட்டினால் மஞ்சளாகப் புகையும். குளிர் முடிகிற சமயம் பூத்து, சில நாளில் கொட்டிவிடும். அந்த நாட்களில் பாப்பாவுக்கு இளைப்பு வந்தது. தோளைத் தூக்கித் தூக்கி மூச்சிழுப்பாள், நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். முதலில் சளி என்றார்கள், பிறகு பழைய பஞ்சு மெத்தை என்றார்கள், மெத்தையை எரித்தோம். பூனை என்றார்கள், பூனையைப் பக்கத்துத் தெருவில் விட்டோம், அது மறுநாளே திரும்பி வந்தது.

கடைசியில் ஒரு பெரிய டாக்டர், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிய, இடத்துக்கு ஒரு பொருளாக அவள் முதுகில் வரிசையாக ஊசியால் குத்திப் பார்த்தார். ஒரே ஓர் இடம் மட்டும் காசளவு வீங்கியது. குடைமரத்தின் மகரந்தம் இது, வீட்டுப் பக்கத்தில் அந்த மரம் இருக்கிறதா என்று கேட்டார். அக்கா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

"பக்கத்துலயா? அதுக்கு அப்பாவே இவருதான், டாக்டர்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை என் கண்ணால் பார்த்தேன். அத்தான் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், வாசல் மரத்தைத் தானே வெட்டிச் சாய்த்தார். அக்கா சன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயே இருந்தாள். ஒரு மரத்தை வெட்டி என்ன ஆகும்? தெருவெல்லாம் நிற்கிறதே.

அதன் பிறகு வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன், அவர் தனியாகப் போய் அவமானப்பட வேண்டாமென்று. விற்கும்போது அருவியாகக் கொட்டிய வாய், வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்க வேண்டியபோது திக்கியது. சிலர் கதவைத் திறக்கவில்லை. சிலர், உங்கள் பெண்ணுக்காக நாங்கள் வெயிலில் காய வேண்டுமா என்று நேராகவே கேட்டார்கள். கோபத்தில் எனக்கு அவர்களை அடிக்க வேண்டும்போல் இருந்தது. முனைவீட்டுத் தையல்கார அம்மாவிடம் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. மரத்தடியில்தான் அவருக்கு மெஷின், மரத்தடியில்தான் அவருடைய நடமாட முடியாத அம்மாவுக்குக் கட்டில்.

"தகரக் கூரைங்க இது. உள்ள இருந்தா வெந்துடுவாங்க. போன கோடைய எங்கம்மா தாண்டினதே நீங்க வெச்ச இந்த மரத்தாலதான்," என்றார் அவர். "உங்க பொண்ணு மூச்சு விடணும், எங்கம்மாவும் உயிரோட இருக்கணும். நான் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

அத்தான் கட்டிலைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஆனாலும் மனிதர் சோர்ந்து உட்காருகிற ரகம் இல்லை. புதிதாக ஒரு யோசனை சொன்னார். வெட்ட வேண்டாம், பூ வைப்பதற்கு முன்னால் கிளையை மட்டும் கழித்துவிடலாம், கோடைக்குள் தழைத்து நிழல் திரும்பிவிடும். இதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். குளிர் நடுவில் ஏணியும் அரிவாளுமாக இறங்கி, கூலி கேட்காமல் தெருத்தெருவாகக் கழித்தார். உள்ளங்கை தோல் உரிந்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். அந்த வருடம் பாப்பாவுக்கு விசில் சத்தம் வரவில்லை. அக்கா அவருக்கு மறுபடியும் முதலில் பரிமாற ஆரம்பித்தாள். டாக்டரும், பூக்கும் மாதத்துக்கு முந்தின மாதமே இன்ஹேலர் மருந்தை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டால் பயமில்லை என்றார். எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று நினைத்தோம்.

மரத்துக்கு நம் மாதக் கணக்கு தெரியுமா? குளிர் விட்டது என்று தோன்றினால் அது பூக்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. அடுத்த வருடம் குளிர் வரவே இல்லை. மழை நின்ற கையோடு வெயில் ஏறியது. அத்தான் ஏணியைக்கூட இறக்கவில்லை, பாப்பா மருந்தை ஆரம்பிக்கவில்லை. ஒரு காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது என் கை மஞ்சளாயிற்று. அது என்னவென்று புரிந்ததும் திறந்த ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது உதடு நீலமாக இருந்தது. ஆக்ஸிஜன் முகமூடிக்குள் அவள் மூச்சு இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அத்தானும் கூடவே இழுத்தார். தாம் இழுத்தால் அவளுக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தாரோ என்னவோ.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த வருடம் மரங்கள் மழைக்கு முன்னால் இன்னொரு தரமும் பூத்தன. எப்போது பூக்கும் என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்று அத்தானே சொன்னார். மரத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து 'தெரியாது' என்று வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அத்தானுடைய அக்கா மலைமேல் ஓர் ஊரில், பள்ளிக்கூட விடுதியில் சமையல் பார்க்கிறார். பாதை முடிகிற ஊர். குடைமரம் குளிரில் செத்துவிடும், அங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று டாக்டரும் சொன்னார். பாப்பாவை அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் ஏற்றிய அன்று அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்து அவளுடைய சிறிய தட்டைக் கழுவும்போதுதான் அழுதாள்.

மலை அவளுக்கு ஒத்துக்கொண்டது. போனில் அவள் குரலில் விசில் இல்லை. அத்தான் ஒவ்வொரு தடவையும், பேச வேண்டாம் கண்ணு, சும்மா மூச்சு விடு, கேக்கறேன் என்பார். அவள் வேண்டுமென்றே போனுக்குள் புஸ்ஸென்று ஊதுவாள்.

போன மாதம் மூவருமாகப் பார்க்கப் போனோம். பஸ்ஸிலிருந்தே அத்தான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மலைச்சரிவில் புதர்கள் இப்போதே பூத்துக்கிடந்தன. வழக்கமாகப் பனி கரைந்த பிறகுதானே பூக்கும் என்று நடத்துனரைக் கேட்டார். இரண்டு வருடமாகப் பனியே விழவில்லையே என்றார் நடத்துனர், சந்தோஷமாக. கட்டணம் கொடுத்து மலை பார்க்க வருகிறவர்களுக்குப் பூ பிடிக்கும் அல்லவா.

பள்ளிக்கூட வாசலில் பாப்பா ஓடி வந்தாள். உண்மையாகவே ஓடி வந்தாள். கன்னம் சிவந்து, ஒரு சாண் உயரம் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தாள். அக்கா நாத்தனாரோடு சமையலறைக்குள் போனதும், பாப்பா அப்பா கையைப் பிடித்து, ஒன்று காட்டுகிறேன் வாருங்கள் என்று கட்டிடத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

தண்ணீர்த் தொட்டி ஓரமாக வரிசையாக இளமரங்கள். தலைக்கு மேல் கொஞ்சம் உயரம், இன்னும் பூக்கிற வயதில்லை. இலையைப் பார்த்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. யாரோ எங்கிருந்தோ கிளை ஒடித்து வந்து ஊன்றியிருக்கிறார்கள். போன குளிரில் ஒன்றுகூடச் சாகவில்லை என்று காவலாளி பெருமையாகச் சொன்னார்.

"நம்ம வீட்டு வாசல்ல இருந்துச்சே, அதே மாதிரி இருக்குல்லப்பா?" என்றாள் பாப்பா. "வீட்டு ஞாபகம் வந்தா இங்க வந்துதான் உக்காருவேன். தினமும் சாப்பாடு இதுக்குக் கீழதான்."

அத்தான் ஆமாம் என்று தலையாட்டினார். அவள் தோளில் கை வைத்து, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி அடித்தது, அவள் வகுப்புக்கு ஓடினாள். அவள் மறைந்ததும் அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு மேல ஏதாவது ஊர் இருக்கா?"

நான் அண்ணாந்து பார்த்தேன். ஒரு செல்போன் கோபுரம், அதற்கப்புறம் மொட்டைப் பாறை, வானம்.

"இல்ல அத்தான்," என்றேன்.