ஆடிப் பதினெட்டுக்கு டூட்டி

பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம்தான் நான் சாரணியர் குழுவில் சேர்ந்தேன். பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு குழு இருந்தது. எங்களைப் போன்ற பெரிய பெண்களுக்கென்று திருச்செங்கோட்டில் தனியாக ஒன்று. அதற்கு ரேஞ்சர் என்று பெயர். நீல உடை, கழுத்தில் ஸ்கார்ஃப், விசில். அந்த விசிலுக்காகத்தான் சேர ஆசைப்பட்டேன் என்று டீச்சரிடம் சொல்லவில்லை. சேவை செய்யப் பிடிக்கும் என்று சொன்னேன்.

அப்பா ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போயிருந்தார். போனில் கேட்டதற்கு, “பெரியப்பாவக் கேட்டுக்க சாமி” என்றார். எங்கள் வீட்டில் எதுவும் பெரியப்பாவைக் கேட்காமல் நடக்காது. நான் அவர் முன்னால் நின்று கேட்டேன். அம்மா வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் அவள் வாய் திறந்ததில்லை.

“காலேஜு சீட்டுக்கு ஆவுமா?” என்று கேட்டார் பெரியப்பா.

“ஆவும்னு டீச்சர் சொன்னாங்க.”

“அப்பச் சேந்துக்க. ஆனா ஊரு ஊராச் சுத்தற வேலையெல்லாம் வேண்டாம்.”

முதல் டூட்டியே ஊர் சுற்றுகிற டூட்டியாக வந்தது. ஆடிப் பதினெட்டன்று காவிரிக்கரை ஜேடர்பாளையத்தில் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள எங்கள் குழுவை அனுப்பினார்கள். பெரியப்பாவிடம் கேட்க வேண்டுமே என்று அம்மாவிடம் இழுத்தேன். “நீ போ, நான் பாத்துக்கறேன்” என்றாள் அம்மா. எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று நான் யோசிக்கவில்லை.

மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் செம்மண் நிறத்தில் கரைதொட்டு ஓடியது. படித்துறைக்குக் குறுக்கே போலீஸ்காரர்கள் கயிறு கட்டி, யாரையும் தாண்டவிடக் கூடாது என்று சொல்லி எங்களை நிறுத்தினார்கள். நான் நின்றது அரசமரத்துப் பக்கம். பொரித்த மீன் வாசனையும் ஈரச் சேலை வாசனையுமாகக் கூட்டம் வந்து முட்டியது. நான் தேவையான இடத்திலும் தேவையில்லாத இடத்திலும் விசில் ஊதினேன்.

உச்சி வெயில் வேளையில் கயிறு மேலே தூக்கப்பட்டது. தூக்கியது பெரியப்பா. வெள்ளை வேட்டி, தோளில் மூன்று வயதுப் பேரன். பின்னால் அவர் வீட்டுக் கூட்டம் முழுவதும் வேனில் வந்திருந்தது. எல்லாருக்கும் பின்னால் சாப்பாட்டுக் கூடையுடன் அம்மா.

என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது. “ஏம் புள்ள, யாரக் கேட்டு இங்க வந்தே?”

“பெரியப்பா, தண்ணி சாஸ்தியா வருதுங்க. அந்தப் பக்கம் போவக்கூடாதுங்க.”

“எனக்குத் தெரியாத ஆறா? நவுரு.”

அவர் ஒரு காலைக் கயிற்றுக்கு அந்தப்புறம் வைத்துவிட்டார். வேறொன்றும் தோன்றாமல் விசிலை வாயில் வைத்து மூச்சு முட்ட ஊதினேன். படித்துறையே திரும்பிப் பார்த்தது. அவருடன் வந்திருந்த சம்பந்தி வீட்டாரும் பார்த்தார்கள். பெரியப்பா கையை ஓங்கினார்.

“நாந்தானுங்க அனுப்புனேன்.”

அம்மாவின் குரல். கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்திருந்தாள். “அவ சொல்றது சரிதானுங்க. கொழந்தைய வெச்சுக்கிட்டு எறங்காதீங்க.”

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் வெகுநேரம் பார்த்தார். பிறகு காலை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். என் விசிலுக்குப் பயந்து பெரியப்பாவே போய்விட்டார் என்று பக்கத்தில் நின்ற தோழியிடம் பெருமையாகச் சொன்னேன்.

சாயங்காலம் அம்மா அந்த வேனில் ஏறவில்லை. என்னோடு பஸ்ஸில் வந்தாள். டிக்கெட் வாங்கும்போது இறங்க வேண்டிய ஊரையே தப்பாகச் சொன்னாள். காலையிலிருந்து சமைத்துக் கூடை சுமந்த அலுப்பு என்று நினைத்து, ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். அன்றைய வீரத்தையெல்லாம் வழிநெடுகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அதன்பிறகு அம்மா, அதுவரை செய்துவந்த பெரியப்பா வீட்டு வேலைகளுக்குப் போகவில்லை. நூல்மில்லில் சேர்ந்து, மில் வேனில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பெரியப்பாவும் என் குழுவைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் ஞாயிறு தவறாமல் திருச்செங்கோடு போனேன். முடிச்சுப் போடவும் முதலுதவி செய்யவும் கற்றுக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. எங்களுக்கிருந்த துண்டு நிலத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருந்தோம். அதற்குப் பெரியப்பாவின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது பார்த்தேன். செடிகள் இலை பழுத்துத் தொங்கின.

“தண்ணி உடலீங்களாம்மா?”

“மோட்டாரு ரிப்பேராமா சாமி. நீ கெளம்பு, பஸ்ஸு போயிரும்.”

சரி என்று ஓடினேன். பெரியப்பா தோட்டத்தைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தம். அவருடைய தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது எனக்கு வெறும் தண்ணீர்ச் சத்தம்தான்.