அக்கா அழுதபோது சிரித்தவர்கள்

அக்காவின் வருஷத் திதிக்கு வந்து இலையில் உட்காரப்போகும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவின் நாடகம் பார்த்த ஊர்க்காரர்களுக்கும் கூடப்பிறந்தவள் கைகூப்பிச் சொல்லிக்கொள்வது. இந்த நினைவு மலரின் முகப்பில் உள்ள போட்டோவைப் பார்த்து யாரும் தவறாக நினைக்க வேண்டாம். பல்லில் கரி பூசி, கொண்டையில் பூசணிப்பூ வைத்துக்கொண்டு அக்கா நிற்கிறார். வேஷமில்லாமல் எடுத்த போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இதைப் போடலாமா கூடாதா என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மச்சான்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், "அவ அவளாட்டவே இருக்கட்டும் அம்மிணி" என்று சொல்லிவிட்டார்.

நான் மூன்றாம் கிளாசோடு நின்றவள். பிழை இருந்தால் திருத்துவதாக அச்சாபீஸ்காரர் சொல்லியிருக்கிறார். அதிகமாகத் திருத்திவிடுவாரோ என்பது இப்போது இன்னொரு கவலை.

அக்கா பிறந்தது சித்தூருக்குக் கிழக்கே, கோபாலபுரம் போகும் வழியில், பனைமரங்களுக்கு நடுவே உள்ள எங்கள் ஊரில்தான். அப்பா குத்தகைக் காட்டில் கிணற்றைத் தூர் எடுக்க இறங்கியபோது பக்கச்சுவர் சரிந்துவிட்டது. அன்றைக்கு அம்மா வைத்த ஒப்பாரியைக் கேட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். "கொள்ளு வெதைச்ச காட்டுக்குக் கோடை மழை வந்துதுங்க, கும்பிட்ட சாமியெல்லாம் கண்ணை மூடிப் போச்சுதுங்க" என்று அம்மா அழுதார். நான் கைக்குழந்தை. அக்கா அம்மாவின் மடியில் சாய்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அந்த மெட்டு அக்காவின் தொண்டையில் அப்படியே தங்கிவிட்டது.

அதன் பிறகு அம்மா களை வெட்டப் போனார். என்னை வளர்த்தது அக்காதான். எங்கள் இருவர் குரலும் ஒன்றுபோல இருக்கும். வாசலில் நின்று "அம்மோவ்" என்று கூப்பிட்டால் பெரியவளா சின்னவளா என்று அம்மாவுக்கே தெரியாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

மச்சான் ஒரு சின்ன நாடகக் கோஷ்டியில் ஆர்மோனியம் வாசிப்பவர். கல்யாணமான புதிதில், அறுப்பு முடிந்த ஒரு களத்தில் நாடகம் போட்டார்கள். பெண் வேஷம் கட்டும் ஆளுக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. நடுவில் வரும் சிரிப்புக் காட்சிக்கு ஆள் இல்லை. கள் குடித்து மயங்கிக் கிடக்கும் புருஷனைச் செத்துவிட்டான் என்று நினைத்து பெண்டாட்டி அழ வேண்டும். மச்சான் அக்காவிடம், "எழவு ஊட்டுப் பாட்டு தெரியுமல்ல? அதையே கொஞ்சம் கோணலாப் பாடு, போதும்" என்றார்.

அக்கா பாடினார். "கொள்ளுப்பருப்பு கடைஞ்சு வெச்சேன் கொதியாறிப் போச்சுதுங்க, கும்பிட்ட சாமியெல்லாம் கொட்டாவி உட்டுதுங்க." மெட்டு அம்மாவுடையது. சொல்தான் மாறியிருந்தது. களம் முழுவதும் சிரிப்பு. கள் இறக்கும் மரமேறி ஒருவர் எழுந்து, "ஏனுங்க அக்கா, அந்தாளைக் குழியில போடாதீங்க, கள்ளுக் கலயத்துல போடுங்க!" என்று கத்தினார். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே, "கலயத்துல எடமில்லீங்க, அதுக்குள்ளாற உங்க மாமனாரு இருக்காருங்க!" என்றார். அந்தப் பேச்சு சந்தைவரைக்கும் போய்விட்டது. அன்றுமுதல் எந்த ஊரில் நாடகம் என்றாலும் "அந்தக் கொள்ளுப்பருப்புக்காரி வர்றாளா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஆனால் எங்கள் பங்காளிகளுக்கு அது பெரிய அவமானம். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, தம்பி சாவில் கேட்ட மெட்டைத் தெருவில் போட்டுச் சிரிக்கவைக்கிறாள் என்று அக்காவோடு பேச்சை நிறுத்தினார். நாடகம் நடக்கும் பக்கம் நம் வீட்டுப் பெண்கள் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று உத்தரவு. அக்கா அதற்குக்கூட வருத்தப்படவில்லை. கூலி வேலையில் அம்மாவின் முதுகு வளைந்துகொண்டிருந்தது. அக்கா ஆடித்தான் அம்மாவை உட்காரவைத்துச் சோறு போட்டார்.

அம்மா இறந்த அன்று அக்கா கோபாலபுரத்தில் நாடகத்தில் இருந்தார். விடிந்ததும் வண்டியில் வந்து இறங்கினார். காதோரம் பவுடர் இன்னும் அழியவில்லை. பெண்கள் தோளில் தோள் கோத்து வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நம் பக்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரியும். எழவு வீட்டுக்கு வருகிறவள் குரல் எடுத்துக்கொண்டே வருவாள். உட்கார்ந்திருப்பவர்கள் கை விரித்து அவளை வட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஜென்மப் பகை இருந்தாலும் அந்த நேரத்தில் தோள் கொடுக்காமல் இருப்பதில்லை.

அக்கா குரல் எடுத்தார். அம்மாவின் சொல்லை, அன்றைக்கு அம்மா அழுததுபோலவே, மாற்றாமல் எடுத்தார். அந்த மெட்டு காதில் விழுந்ததும் வட்டத்தில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளுக்கும் வந்தது. அடுத்த வீட்டுப் பொன்னாத்தாள் அத்தைக்குத் தோள் குலுங்கியது. அவர்கள் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. பழகிய மெட்டு, என்ன செய்வார்கள்? ஆனால் பெரியப்பா வாசலில் இருந்து எழுந்துவந்து, "நாடகத்தை வெளியில வெச்சுக்க. இது எழவு ஊடு" என்றார்.

ஒரு தோளும் விலகி இடம் கொடுக்கவில்லை. அக்கா போய் மாடு கட்டும் கட்டுத்தாரையில் உட்கார்ந்துகொண்டார். அம்மாவைத் தூக்கும்வரை வாய் திறக்கவில்லை.

அக்காவுக்கு ஒரே பையன். வாந்திபேதி வந்த வருஷம் அவனும் போனான். அப்போது அக்கா சத்தமே போடவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கும் ஊர் பேசியது. "பெத்தவளைப் பாரு, கல்லாட்ட நிக்கறா. கூத்தாடிக்கு ஏது புள்ளைப்பாசம்?" என்று என் காதுபடவே சொன்னார்கள். காரியம் முடிந்த சில நாட்களில் அக்கா மறுபடியும் மேடை ஏறினார். நான் காலைப் பிடித்துக் கேட்டேன்.

"இப்பவே போகோணுமா அக்கா? ஊரு என்ன சொல்லும்?"

"கொட்டகையில அழுதாத்தான் அம்மிணி என்னை ஆரும் ஏசறதில்லை" என்றார்.

நான் கூடப் போனேன். அக்கா அன்றைக்குப் பாடியதுபோல எப்போதும் பாடியதில்லை. பாய் கிழிய உருண்டார், மார்பில் அடித்துக்கொண்டார். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். அக்கா இன்னொரு தடவையும் பாடினார். மச்சான் மட்டும் ஆர்மோனியத்தின் மேல் குனிந்தபடி நிமிரவே இல்லை.

கடைசிக் காலத்தில் அக்காவின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். முதலில் பாட்டு போனது, பிறகு பேச்சு, பிறகு கஞ்சி. காற்றுப்போல வரும் குரலில் என்னிடம் ஒன்று சொன்னார். "நான் போனா நீ சத்தம் எடுக்காதே அம்மிணி. உன்ற தொண்டையும் என்ற தொண்டையும் ஒண்ணு. உன்னையும் சிரிச்சுப்போடுவாங்க." சாவதைப் பற்றி அக்கா பயப்படவில்லை. தன் எழவிலும் சிரிப்பார்கள் என்பதுதான் பயம். அந்தப் பயத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு ஏற்கனவே இருக்கும் பயங்கள் போதாதா?

அக்கா இறந்த அன்று வாசல் நிறைய ஆட்கள். வண்டிக்காரர்கள், மரமேறிகள், எந்தெந்த ஊரிலோ நாடகம் பார்த்தவர்கள். வேலிப்பக்கம் பெரியப்பாவும் வந்து நின்றார். உள்ளே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் குரல் எடுக்கவில்லை. எடுத்தால் அந்த மெட்டு வந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். அழுகைச் சத்தம் இல்லாத எழவு வீட்டை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு அக்காவின் தலைமாட்டில் இருந்தேன்.

பொன்னாத்தாள் அத்தைதான் என் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "ஊமையாட்ட அனுப்பிப்போட முடியுமா? கூடப்பொறந்தவ, நீதான் எடுக்கோணும்."

"சிரிப்பாங்க அத்தை."

"சிரிக்கறவன் சிரிச்சுப்போட்டுப் போறான். எடு."

எடுத்தேன். அம்மாவின் சொல்லைத்தான் எடுக்க நினைத்தேன். வாயில் வந்தது கொள்ளுப்பருப்புதான். வாசலில் யாரோ பக்கென்று சிரித்துவிட்டார்கள். நான் பாதியில் நிறுத்திவிட்டேன். அப்போது அத்தை என் தோளை இறுக்கிப் பிடித்து அடுத்த அடியை எடுத்தார். கும்பிட்ட சாமியெல்லாம் கொட்டாவி உட்டுதுங்க. பக்கத்தில் பெரியப்பா வீட்டுப் பெரியம்மா அதற்கு அடுத்ததை எடுத்தார். பிறகு வட்டம் முழுவதும். நாடகத்துப் பக்கமே போகக்கூடாது என்றிருந்த வீட்டுப் பெண்கள் ஒரு சொல் தப்பாமல் கடைசிவரை பாடினார்கள். எந்த வண்டி மறைவில், எந்த வேலிக்குப் பின்னால் நின்று கேட்டார்கள் என்று நான் இதுவரை கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன். பெரியப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பாடைப் பக்கம் போனார்.

அம்மாவின் எழவில் கிடைக்காத வட்டத்தில் அக்காவுக்கு இப்படித்தான் இடம் கிடைத்தது. நடுவில்.

கஞ்சி இறங்கியவரை அக்காவுக்கு ஊட்டிவிட்ட மச்சானுக்கும், மூங்கில் வெட்டித் தந்து பாடை தூக்கிய மரமேறிகளுக்கும், என் கையை எடுத்துவிட்ட பொன்னாத்தாள் அத்தைக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. வாசலில் சிரித்தவர் யாரென்று தெரியாது. அவருக்கும் நன்றி சொல்லச் சொல்கிறார் மச்சான். சொல்லிவிட்டேன்.

திதியன்று காலையில் வழக்கப்படி ஒருமுறை அழுதுவிட்டுத்தான் இலை போடுவோம். நான்தான் எடுக்க வேண்டும். போன வாரத்திலிருந்தே அடுப்படியில் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். பெண்கள் தயவுசெய்து முன்னதாக வந்து பக்கத்தில் உட்காருங்கள். முதல் அடியை எப்படியாவது எடுத்துவிடுவேன். அடுத்த அடி உங்களுக்குத் தெரியும்.