சமனானால் மூத்தவருக்கு

பிரான்ஸில் ஒரு பிராந்திய சபையை எப்படி நடத்துகிறார்கள் என்பதை நான் சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குக் கிட்ட இருந்த ஒரு வாடகை மண்டபத்தில், ஆறிப்போன மட்டன் ரோல்ஸ் நாற்றத்துக்குள் நின்றுதான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் ரோல்ஸைக் கண்டால் தட்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவேன். ரோல்ஸ் பாவம். அது ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு வருடக்கணக்காக ஒரே தலைவர். ஆண்டுக் கூட்டத்தில் "கை உயர்த்துங்கோ" என்பார். தனக்கு உயர்ந்த கைகளைத் தானே எண்ணுவார், மற்றவர்களுக்கு உயர்ந்த கைகளை முறைப்பார். அதுதான் தேர்தல். மீசைக்குக் கறுப்பு மை பூசுகிற மனிதர். அவர் தேத்தண்ணி குடித்த கோப்பையின் விளிம்பில் அந்த மை ஒரு கோடாக ஒட்டியிருக்கும். கூட்டம் முடிந்து கோப்பை கழுவுகிறவன் நான். ஆகவே எங்கள் இருவருக்கும் இருந்த கருத்து வேறுபாடு கொள்கை சம்பந்தப்பட்டதல்ல, விளிம்பு சம்பந்தப்பட்டது.

என் மனைவிக்கு இருந்தது வேறு பிரச்சினை. சங்கத்துக்கென்று கிடைத்த ஓர் அறையில் அவள் புதன்கிழமை காலைகளில் வயதானவர்களைக் கூட்டி வைத்திருந்தாள். பிள்ளைகள் ஸ்பொன்ஸர் பண்ணிக் கூப்பிட்ட தாய் தகப்பன்மார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தவர்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, பூட்டிய வீட்டுக்குள் டெலிபோன் அடித்தாலும் எடுக்கப் பயந்துபோய் இருந்தவர்கள். புதன்கிழமை வந்து கடதாசிச் சீட்டு விளையாடுவார்கள், இடியப்பம் சாப்பிடுவார்கள், மருமக்களைத் திட்டுவார்கள். சில பேர் அழுவார்கள். மறு கிழமையும் வருவார்கள்.

தலைவருக்கு அந்த அறை கலைவிழா ஒத்திகைக்குத் தேவைப்பட்டது. "அதுகள் வீட்டிலை இருக்கலாம்தானே" என்று சொல்லிவிட்டார். அதுகள்! நாய் பூனையைச் சொல்கிற மாதிரி. அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றைக்கு என் மனைவி சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்பினாள். "இந்த முறை நான் தலைவர் பதவிக்குக் கேக்கப் போறன்" என்றாள். அவள் பிசைந்து வைத்த சோற்றையும் நானே சாப்பிட்டு முடித்தேன்.

அந்த நேரம் பார்த்து பாரிஸிலிருந்து அவளுடைய தம்பி ஒரு கலியாணத்துக்கு வந்து எங்கள் வீட்டில் நின்றான். அங்கே பிராந்தியத் தேர்தலில் ஒரு கட்சி அவனுடைய பெயரையும் பட்டியலில் போட்டிருந்ததாம். வெல்லவே முடியாத அடியிலே, ஒரு கறுத்த முகம் வேண்டுமென்பதற்காக. தோற்றவனைப்போல ஒரு முறையை நுணுக்கமாகத் தெரிந்து வைத்திருக்கிறவன் கிடையாது.

"அத்தான், அங்கை ஒராள் தனிய தலைவரெண்டு நிக்கேலாது. பட்டியல் போடவேணும். ஆம்பிளை, பொம்பிளை, ஆம்பிளை, பொம்பிளை எண்டு மாறி மாறி. சனம் பட்டியலுக்குத்தான் வாக்குப் போடும். முதலா வாற பட்டியலுக்குச் சபைக் கதிரையளிலை கால்வாசி போனஸ். மிச்சத்தை வாக்குப்படி பிரிக்கிறது. பிறகு வெண்ட ஆக்கள் கூடி, ரகசியமா வாக்குப் போட்டுத் தங்களுக்குள்ளை ஒரு தலைவரை எடுப்பினம்."

"அதுக்குப் பிறகு?"

"உபதலைவர்மார். ஒராளுக்கு ரெயில், ஒராளுக்குப் பள்ளிக்கூடக் கட்டிடம், ஒராளுக்குத் தொழிற்பயிற்சி. தலைவரும் உபதலைவர்மாரும் இன்னும் கொஞ்சப் பேரும் சேர்ந்தது நிரந்தரக் குழு. முழுச்சபை கூடாத நேரத்திலை அவைதான் முடிவெடுக்கிறது."

"எங்களிட்டை ரெயில் இல்லையேடா. ஒரு பெரிய ரைஸ் குக்கர்தான் இருக்கு."

"அப்ப ரைஸ் குக்கருக்கு ஒரு உபதலைவர்."

நான் சிரித்தேன். ஆனால் என் மனைவி சிரிக்கவில்லை. ரகசிய வாக்கு என்ற இடத்தில் அவள் கவனம் நின்றுவிட்டது. தலைவருக்கும் விஷயம் போனது. அவருக்கு இரண்டு சொற்கள் பிடித்துக்கொண்டன: போனஸ், உபதலைவர்மார். தனக்குக் காவடி எடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பதவி கொடுக்கலாமே! மச்சான் பிரான்ஸ் விதிகளை ஒன்றும் விடாமல் தமிழில் எழுதிக் கொடுத்தான். பொதுக்கூட்டம் அதை ஒரு வரி வாசிக்காமல் கைதட்டி ஏற்றுக்கொண்டது. தேர்தலுக்கு முதலே உபதலைவர் என்று போட்டு விசிட்டிங் கார்ட் அடித்துவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

தலைவருடைய பட்டியலைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஓர் ஆம்பிளை, அவருடைய மனைவி. அடுத்த ஆம்பிளை, அவருடைய மனைவி. கலியாண வீட்டுப் பந்தியில் இலை போடுகிற மாதிரி. அந்தப் பெண்களில் பாதிப் பேருக்குத் தங்கள் பெயர் இருப்பதே தெரியாது. "சும்மா ஒரு பேர் தானே" என்று ஒருவர் என்னிடமே சொல்லிப் பல்லைக் குத்தினார், சங்கத்து அங்கத்துவ அட்டையின் மூலையால்.

தேர்தலில் அவர்களுடைய பட்டியல்தான் முதலாவதாக வந்தது. போனஸ் கதிரையும் சேர, சபையில் அவர்களுக்கு வசதியான பெரும்பான்மை. என் மனைவியின் பட்டியலில் மேலே இருந்தவர்கள் மட்டும் உள்ளே போனார்கள். அடியில் இருந்த நான் வழக்கம்போலக் குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். சந்தோஷமாகத்தான் நின்றேன்.

முதல் அமர்வுக்கு வயதில் கூடிய அங்கத்தவர் தலைமை தாங்க வேண்டுமென்பது விதி. அது எங்கள் பட்டியலில் வென்ற ஓர் அங்கிள், ஓய்வுபெற்ற தபாலதிபர். முதல் சுற்று வாக்கை அவர் ஒவ்வொன்றாக விரித்து வாசித்தார். தலைவருக்கும் என் மனைவிக்கும் சமன்.

தலைவருடைய ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பித் தங்கள் தங்கள் மனைவியைப் பார்த்தார்கள். மனைவிமார் கூரை விசிறியைப் பார்த்தார்கள். புதன்கிழமையை நிறுத்தினால் மாமியார் கிழமை முழுக்க வீட்டில் இருப்பார் என்ற கணக்கை அந்த ஆம்பிளைகள் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை.

இரண்டாம் சுற்றும் சமன். மூன்றாம் சுற்றும் சமன். அங்கிள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த விதியை வாசித்தார்:

"மூண்டாம் சுற்றிலும் சமனானால் வயதில் மூத்தவரே தெரிவு செய்யப்பட்டவராவார். ரெண்டு பேரும் வயசைச் சொல்லுங்கோ."

நான் தட்டோடு குசினிப் பக்கம் ஓரடி பின்வாங்கினேன். காரணம் இதுதான். என் மனைவி என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கலியாணம் பேசியபோது என் அம்மா இனசனத்துக்கு அதைத் திருப்பிச் சொல்லிவிட்டார், இரண்டு வயது இளையவள் என்று. அன்றிலிருந்து அந்தக் கதைக்கு வாசல் காவல் நான்தான். மனைவிக்கு அதைப்பற்றி ஒரு கவலையும் இல்லை. "கேட்டால் சொல்லுவன், ஒருத்தரும் கேக்கேல்லை" என்பாள். அவளுக்கு ஐம்பது வயதான அன்று யாரும் வாழ்த்திவிடக்கூடாதே என்று மலைப்பக்கம் கூட்டிப்போய், பனிப்புகாருக்குள் ஒன்றுமே தெரியாத ஒரு பள்ளத்தாக்கை நாள் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்த வீரன் நான்.

தலைவர் எழும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "ஐம்பத்தொண்டு. போன வருசம் இதே மண்டபத்திலை ஐம்பதுக்குக் கேக் வெட்டினது. சாப்பிட்ட ஆக்கள் இருக்கினம்."

என் மனைவி எழும்பினாள். "ஐம்பத்திரண்டு."

ஒரே கூச்சல். "சும்மா கதை விடாதேங்கோ அன்ரி!" "மனிசனுக்கு ஐம்பது, மனிசிக்கு ஐம்பத்திரண்டோ?" "பதவிக்காக வயசைக் கூட்டுறா!" சிட்னியில் பொம்பிளை ஒருத்தி வயதைக் கூட்டிச் சொல்வாளென்று நம்புகிற அளவுக்கு அவர்களுக்கு வெறி.

அங்கிள் மேசையில் தட்டினார். நேரே என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் சொல்லும். உண்மையோ?"

மண்டபம் முழுக்கத் திரும்பியது. தட்டை வைக்க ஒரு மேசை தேடினேன். மயங்கி விழலாமா என்று யோசித்தேன். நிலம் நெடுகப் பேஸ்ட்ரித் தூளும் மிதிபட்ட ரோல்ஸும் கிடந்தன, விழ மனம் வரவில்லை. மச்சான் பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. அங்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல்லில் புதன்கிழமை நிற்கும் அல்லது போகும். ஒரு பக்கம் அத்தனை கிழவன் கிழவிகள், மறுபக்கம் என்னுடைய இரண்டு வயது மரியாதை. அதையும் நின்று நிறுத்துப் பார்க்கிறேனே! அன்றைக்கு அந்த மண்டபத்தில் எனக்கு அதிகமாக அருவருத்தது தலைவருடைய மீசையல்ல.

"ஓம்" என்றேன். "ஓம், அங்கிள். என்னைவிட மூத்தவ. முதல் நாளிலை இருந்து."

சிரிப்பு வெடித்தது. வெடிக்கட்டும்.

தலைவருடைய வாய் திறந்தது. அவருடைய உண்மையான வயது நாக்கின் நுனியில் வந்து நின்றதை எல்லோரும் பார்த்தோம். பின்னுக்கிருந்து அவருடைய பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர் கத்தினார்: "சொல்லடா மச்சான்! எனக்கே ஐம்பத்தொண்டு! நான் எட்டாம் வகுப்பு படிக்கேக்கை நீ பெரிய வகுப்பிலை மாணவத் தலைவன்! சொன்னா நீதான் தலைவர்!"

சொல்ல முடியாது. இந்த நாட்டுக்கு வர விண்ணப்பித்தபோது இளையவர்களுக்குப் புள்ளி அதிகம் என்பதால் வயதைக் குறைத்து எழுதியவர் அவர். ஊரே அறிந்த ரகசியம். அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்ற அவருக்குத் துணிவில்லை. வாயை மூடினார். விழுங்கினார். திரும்பக் கதிரையில் இருந்தார்.

அங்கிள் முடிவை அறிவித்து முடிப்பதற்குள் ஆட்கள் இடம் மாறிவிட்டார்கள். இவ்வளவு நேரமும் "பதவி வெறி" என்று கத்தியவர்கள் எண்ணெய்க் கையோடு என் மனைவியைச் சுற்றி நின்றார்கள். "அக்கா, உபதலைவர் தெரிவு இண்டைக்கோ?" "எனக்கு விளையாட்டுத்துறை தந்தால் போதும், அக்கா." விசிட்டிங் கார்ட் அடித்தவர் அதை நீட்டியே விட்டார். நான் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை காலை அறை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பழைய தலைவர். பின்கதவு திறந்து அவருடைய மாமியார் ஒரு கையில் பையோடு மெதுவாக இறங்கினார். இத்தனை வருடம் இதே நகரத்தில் இருந்தவர், ஒரு புதன்கிழமைகூட வந்ததில்லை. மருமகன் என்ஜினை நிறுத்தவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக் கேட்டார்: "எத்தினை மணிக்கு முடியும்?"

நல்ல நாலு பதில் கைவசம் இருந்தது. 'அதுகள் வீட்டிலை இருக்கலாம்தானே' என்பதும் அதில் ஒன்று. அதற்குள் அந்த அம்மா படியேற என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இஞ்சை வெத்திலை போட விடுவினமோ?" என்று காதுக்குள் கேட்டார்.

"பன்னிரண்டரைக்கு" என்றேன் மருமகனிடம்.