கண்டக்டரம்மாவின் வெள்ளிக்கிழமை மசோதா

அவைக்குள் நுழைந்ததும் கடைசி வரிசையிலிருந்து தொடங்குகிறார். உதடு அசையாது, விரல் மடங்காது. முகவாய் மட்டும் இடமிருந்து வலமாக ஒருமுறை போய், அடுத்த வரிசையில் வலமிருந்து இடமாகத் திரும்பும். முன்வரிசை அமைச்சர்கள்வரை வந்து சேரும்போது எண்ணிக்கை முடிந்திருக்கும். பிறகுதான் தம் இருக்கையில் உட்காருவார். பையைக் காலடியில் வைத்து, அதன் வாரைக் கணுக்காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார். சட்டமன்றத்துக்குள் வந்து பையை யாரும் அடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்று பக்கத்து இருக்கைக்காரர் ஒருநாள் ஆறுதல் சொன்னார். "பஸ்லயும் எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க" என்று பதில் வந்தது.

அவைக் குறிப்பில் அவர் மாண்புமிகு உறுப்பினர், சுயேச்சை. மற்ற நேரங்களில் ஆளுந்தரப்பு, எதிர்த்தரப்பு, உணவகத்தில் தட்டு எடுப்பவர் என எல்லோருக்கும் கண்டக்டரம்மா. தொலைதூரப் பேருந்துகளில் பாதி ஆயுளைக் கழித்து, தொழிற்சங்கத்துக்குத் தலைவியாகி, சங்கத்துப் பெண்கள் பிடித்துத் தள்ளியதால் தேர்தலில் நின்று, தாமே நம்பமுடியாதபடி ஜெயித்து வந்தவர். உடம்பு ஒல்லி, குரல் அப்படியில்லை. ஒலிவாங்கி பழுதான நாட்களில் மற்றவர்கள் அடங்கிக் கிடக்க, இவர் மட்டும் வழக்கம்போலப் பேசிவிட்டு உட்காருவார். பேசும்போது ஒரு கை மேசை விளிம்பைப் பிடித்திருக்கும். தரை நகராது என்று அந்தக் கைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

தலை எண்ணுவதுதான் அவரை அவையில் பிரபலமாக்கியது. பலருக்கு எரிச்சலும் மூட்டியது. அவை நடக்க இத்தனை உறுப்பினர்களாவது உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. கோரம் என்பார்கள். அந்த விதியை ஒட்டியே ஒரு வழக்கமும் வளர்ந்திருந்தது: யாராவது எழுந்து ஆள் குறைகிறது என்று சொல்லாதவரை ஆள் இருப்பதாகவே கணக்கு. எத்தனையோ மசோதாக்கள் காலி நாற்காலிகளின் சம்மதத்தோடு சட்டமாகியிருக்கின்றன. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் வசதியான ஏற்பாடு என்பதால் இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒரே கட்சி. கண்டக்டரம்மா வந்து அந்த ஒற்றுமையைக் கெடுத்தார்.

முதல் கூட்டத்தொடரிலேயே எழுந்து, "தலைவர் அவர்களே, ஆள் பத்தாதுங்க" என்றார். மணி அடித்தது. உணவகத்திலிருந்தும் நடைக்கூடங்களிலிருந்தும் உறுப்பினர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அவை அலுவலர்கள் நிதானமாக எண்ணிப் பார்த்ததில், முதலிலேயே ஆள் சரியாகத்தான் இருந்திருக்கிறது. கண்டக்டரம்மா தலைவரை விட்டுவிட்டு எண்ணியிருந்தார். தலைவர் சிரித்துக்கொண்டே தம்மையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். "டிரைவரை யாருங்க எண்ணுவா?" என்றார் இவர், உண்மையிலேயே குழம்பிப்போய். அவை அன்று வெகுநேரம் சிரித்தது. மறுநாளிலிருந்து தலைவரும் கணக்கில் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு எண்ணிக்கை தவறவில்லை. ஒவ்வொரு வாக்கெடுப்புக்கு முன்னும் தலைவர் இருக்கையில் யார் இருந்தாலும் ஒரு பார்வை தானாக இவர் பக்கம் வந்துபோகும். அது அவையின் புது வழக்கமானது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்பதை அவருடைய கணவர் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மனைவியோடு ஒரே வண்டியில் பல வருஷம் ஓடியவர். வழியில் வண்டி நின்று கிளம்பும்போது ஒரு தலை குறைந்தாலும் கண்டக்டரம்மா விசில் கொடுக்கமாட்டாராம். கடைக்குப் போனவர், கழிப்பறைக்குப் போனவர், சண்டை போட்டுக்கொண்டு எங்கோ போய் நின்றவர் எல்லோரும் ஏறியாக வேண்டும். "மேலதிகாரி லேட்டுன்னு திட்டுவாரு. இவளுக்கு அது காதுலயே விழாது. நான் எஞ்சினை உறும விட்டுக்கிட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருப்பேன்" என்று குறைபோலச் சொல்வார். பெருமை முகத்தில் வழியும். வெளியூரில் ஆய்வகத்தில் வேலைபார்க்கும் மகள் தொலைபேசியில், வீட்டில் ரெண்டே பேர்தானே, எண்ணாமல் சாப்பிடுங்கள் என்று கிண்டல் செய்வாள்.

இன்னொரு பழக்கம் உண்டு. அதில் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. அவர் மேசைமேல் வைக்கப்படும் தண்ணீர்க் குவளை மாலைவரை வைத்தபடி இருக்கும். அவை கலைந்து வீட்டுக்குப் போனபிறகுதான் தண்ணீர் குடிப்பார். வேலை நேரத்தில் குடித்தால் வழியில் எங்கே போவது என்ற பயம் உடம்பிலேயே ஊறிவிட்டது. அவரோடு வேலைபார்த்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். சிலருக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒருத்தி மயங்கி ஓடும் வண்டிப் படிக்கட்டில் விழுந்து, வேலையை விட்டாள். பயணிகளின் நிலைமையும் அதேதான். படித்த, கௌரவமான பெரியவர்கள் ஓட்டுநர் காதருகே குனிந்து, கெஞ்சும் குரலில் வண்டியை நிறுத்தச் சொல்வதைப் பார்க்கும்போது தமக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும் என்பார். "மனுசங்களைப் போய் இதுக்குக் கெஞ்ச வைக்கலாமா?" என்பது அவருடைய கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் மசோதாவாக எழுதிக் கொண்டுவந்தார்.

மசோதாவின் பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீளம். சாரம் இதுதான்: தொலைதூரப் பேருந்து ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறையும் தண்ணீரும் உள்ள இடத்தில் நின்றாக வேண்டும், அந்தக் கழிப்பறைக்குக் கதவு இருக்க வேண்டும். கதவு என்ற சொல் சட்டத்துக்குத் தேவையில்லை, கழிப்பறை என்றாலே அது அடங்கும் என்றார் வரைவு அலுவலர். கண்டக்டரம்மா அசைந்துகொடுக்கவில்லை. தாழ்ப்பாளையும் எழுதச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். அதையெல்லாம் விதிகளில் பார்த்துக்கொள்ளலாம் என்று அலுவலர் காலில் விழாத குறையாகச் சொல்ல, சரியென்று இறங்கி வந்தார்.

உறுப்பினர்கள் சொந்தமாகக் கொண்டுவரும் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் வெள்ளிக்கிழமைப் பிற்பகலை ஒதுக்கியிருக்கிறார்கள். அது ஊருக்குக் கிளம்பும் நேரம். முதல் தடவை அவருடைய முறை வருவதற்குள் பொழுது முடிந்தது. அடுத்த தடவை அமைச்சர், அரசின் பரிசீலனையில் இருக்கிறது, பெருந்தன்மையோடு திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வழக்கப்படி இவரும் திரும்பப் பெற்றுக்கொண்டார். "பரிசீலனைன்னா வண்டி டிப்போவுக்குள்ள நிக்குதுன்னு அர்த்தம். இது அப்புறம்தான் புரிஞ்சுது" என்று பின்னால் சொன்னார். மறுபடி மனு கொடுத்து, மறுபடி வரிசையில் நின்று, இந்த வெள்ளிக்கிழமை பட்டியலில் முதலிடம் கிடைத்தது. தேர்தல் நெருங்கிவிட்டது. அவை கலைந்தால் நிலுவையில் உள்ள மசோதாக்களும் கூடவே செத்துப்போகும். உறுப்பினர் மசோதாக்களுக்கு இதுவே கடைசி வெள்ளி.

காலையிலிருந்தே ஒவ்வொரு வரிசையாகப் போய், சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அந்த அவையை மிஞ்ச ஆளில்லை. எதிர்த்தரப்பில் ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார்; அவரிடம் மட்டும் இவர் போகவில்லை, போக முகமில்லை. போன வருஷம் அந்த டாக்டர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நோய்ப்பட்ட மாட்டை ஓட்டிக்கொண்டு மைல்கணக்கில் நடக்காமலிருக்க, நடமாடும் மருத்துவ வண்டி வேண்டும் என்பது கோரிக்கை. மனுஷர் உருகிப் பேசினார். கண்டக்டரம்மாவும் ஆதரித்துப் பேசினார். வாக்கெடுப்புக்குத் தலைவர் வாயெடுத்த நேரம் இவர் எழுந்து, ஆள் பத்தாதுங்க என்றார். மணி அடித்தும் யாரும் வரவில்லை. அவை ஒத்திவைக்கப்பட்டது, தீர்மானம் போயிற்று. அந்தத் தொடர் முழுக்க டாக்டர் இவரோடு பேசவில்லை.

மதியம் உணவகத்தில் அந்த டாக்டரே தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"சாயங்காலம் ஆள் குறையும், தெரியுமில்ல?"

"தெரியும் டாக்டர்."

"நான் எந்திரிச்சுச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. உங்க மசோதா நல்ல மசோதா. நீங்க சொல்றீங்களான்னு பாக்கத்தான் கடைசிவரைக்கும் உக்காந்திருக்கப் போறேன்."

கண்டக்டரம்மா ரொட்டியைப் பிய்த்தவர் வாயில் போடாமல் கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்தார். "சொல்லுவேன் டாக்டர். யாரு மசோதான்னு பாத்தா எண்ணுறேன்?" என்றார். டாக்டர் அதற்குமேல் மசோதாவைப் பற்றிப் பேசவில்லை. உப்பு குறைவு என்று சமையற்காரரைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

பிற்பகலில் துணைத்தலைவர் அவையை நடத்தினார். பார்வையாளர் மாடத்துக்குச் சங்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். முறை மாற்றிக்கொண்டு, விடுப்புப் போட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் நேராகப் பணிமனையிலிருந்து வந்தவர்களும் உண்டு. நடுவில் கணவர், சலவைச் சட்டையில், மாப்பிள்ளைபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மாடத்தில் உட்கார இடமில்லை. கீழே நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. ஒருவருக்கு ரயில், ஒருவருக்கு மச்சினன் வீட்டுக் கல்யாணம், இன்னொருவர் இதோ வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டுப் போனார், அவர் இதோ வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மாடத்துத் தலைகளைக் கீழே இறக்கிக்கொள்ள எந்த விதியிலும் இடமில்லை. இவர் எழுந்துபோய் யாரையும் கையைப் பிடித்து இழுத்துவரவும் வழியில்லை. மசோதா கொண்டுவந்தவர் இடத்தில் இல்லாவிட்டால் மசோதா தள்ளுபடி.

கண்டக்டரம்மா சுருக்கமாகப் பேசினார். படிக்கட்டில் மயங்கி விழுந்தவளைப் பற்றிச் சொன்னபோது மட்டும் இரண்டு கைகளும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. பதிலளிக்க எழுந்த போக்குவரத்து அமைச்சர், பெருந்தன்மையோடு என்று ஆரம்பிப்பார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அமைச்சரோ சமீபத்தில் ஓர் அறுவை சிகிச்சைக்குப்பின் மருத்துவர் விமானத்துக்குத் தடை போட்டதால் சாலைவழியே நெடுந்தூரம் போய்வந்ததாகவும், மாண்புமிகு உறுப்பினரின் கஷ்டம் தமக்கு நன்றாகவே விளங்குவதாகவும், அரசு இதை எதிர்க்கப்போவதில்லை என்றும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். மாடத்தில் யாரோ கைதட்ட, காவலர் அதட்டினார்.

அமைச்சர் உட்கார்ந்த அதே நிமிஷம் பின்வரிசையில் மூன்று பேர் எழுந்து, தங்களுக்குள் கிசுகிசுத்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறினார்கள். அதுவரை கோரத்துக்கு வேண்டிய ஆள் சரியாக இருந்தது. இவருடைய முகவாய் தானாக நகரத் தொடங்கி, நாலாவது வரிசையில் நின்றுபோனது. மேலே எண்ணத் தேவையில்லை. ஆள் குறைந்துவிட்டது. வேறு யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மட்டும் எதிரே, சொன்ன சொல் மாறாமல், இவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

துணைத்தலைவர் மசோதாவின் நீளமான பெயரை இரண்டு மூச்சில் படித்து முடித்தார். வாக்குக்கு விடுமுன் வழக்கம்போல இவர் இருக்கையைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். கண்டக்டரம்மாவின் முழங்கால்கள் எழ ஆயத்தமாகிவிட்டன. உடம்பு நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தது. மாடத்தில் சங்கத்துப் பெண்கள் கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். விதி தெரியாத அவர்களுக்கும் ஏதோ ஆகப்போகிறது என்று தெரிந்தது. கணவருக்கு விதியும் தெரியும், மனைவியையும் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆதரிப்பவர்கள் ஆம் என்க" என்றார் துணைத்தலைவர்.

கண்டக்டரம்மா இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, ஆம் என்றார். துணைத்தலைவர் மசோதா நிறைவேறியது என்று அறிவித்து முடிக்கும்வரை அவற்றைத் திறக்கவில்லை.